ஆறு பாயிண்ட் எழுத்தும் அப்பாவின் இ-ரீடரும்

அப்பாவுக்கு எழுபது முடிந்தபோது என்ன வாங்கித் தருவது என்று எனக்கும் தம்பிக்கும் பத்து நாள் இழுபறி. அவன் டேப்லெட் கட்சி. "எல்லாம் அதுலயே பாத்துக்கலாம்க்கா. புக்கும் படிக்கலாம், வீடியோ காலும் பேசலாம். படிக்க மட்டும்னு ஒரு டப்பா எதுக்கு?" என்றான். நான் இ-ரீடர் கட்சி. படிக்க மட்டுமே உதவும் டப்பா என்பதுதான் என் வாதமே.

எனக்குக் காரணம் இருந்தது. தம்பி தன் பழைய டேப்லெட்டை ஏற்கெனவே அப்பாவிடம் தள்ளிவிட்டிருந்தான். அதில் அவர் ஒரு நாவலைத் திறந்து நாலாம் பக்கம் போவதற்குள் மேலேயிருந்து ஏதாவது எட்டிப் பார்க்கும். சொந்தக்காரர்கள் குழுவில் யாரோ காலை வணக்கம் போட்டிருப்பார்கள். தள்ளிவிடப் போன விரல் பட்டு அது திறந்துகொள்ளும். அரைமணி கழித்துப் பார்த்தால் யாரோ கிணறு தூர்வாரும் வீடியோவில் இருப்பார். "படிச்சிட்டுதாம்மா இருந்தேன்" என்பார். பொய் இல்லை, அவருக்கே எங்கே வழி மாறினோம் என்று தெரியாது.

நான் ஜெயித்தேன். 7 அங்குல இ-ரீடர் வந்தது. எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே நான் திட்டப்போகும் விஷயங்கள் அநேகமாக 6, 7 அங்குல இ-ரீடர் எல்லாவற்றுக்கும் பொது. ஜெயித்த ஆறாவது வாரம் அது மேசை இழுப்பறையில், சார்ஜர் ஒயர் சுற்றியபடி கிடந்தது. இந்த விமர்சனத்தில் பாதி, அது ஏன் உள்ளே போனது, எப்படி வெளியே வந்தது என்பதுதான்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். பதினெட்டு வயதில் வரி கோக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர். 'கொ' என்று ஓர் எழுத்து வர அவர் கை, கேஸ் என்னும் எழுத்துப் பெட்டியில் மூன்று அறைக்குப் போகவேண்டும்: கொம்பு, க, கால். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, லை, னை எல்லாம் உரு மாறியபோது கேஸில் எந்தெந்த அறை சும்மா கிடந்தது என்று இன்றைக்கும் சொல்வார். இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு திரையைக் கொடுத்துவிட்டு "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பது கொஞ்சம் விபரீதம்.

முதல் நாள் அவருக்குப் பிடித்துப்போனது. திரையை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெயில் பட்டால் டேப்லெட்டில் தன் முகம்தான் தெரியும். இதில் எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. "விளக்கு எரியாம எப்படிம்மா தெரியுது?" என்றார். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண் உருண்டைகள் நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். எந்தப் பக்கம் மின்புலம் கொடுக்கிறோமோ அதற்கேற்ப வெள்ளையோ கறுப்போ மேலே வரும். வந்தது வந்த இடத்திலேயே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் மாறும்போதுதான் வேண்டும். ராத்திரியில் படிக்க வைத்திருக்கும் விளக்குகூடத் திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் பரவுகிறதே தவிர, டேப்லெட்டைப் போலப் பின்னாலிருந்து கண்ணுக்குள் வருவதில்லை.

அப்பா யோசித்தார். "அப்போ இதுவும் கோத்துப் பூட்டற வேலைதான். ஃபாரம் பூட்டிட்டா அப்படியே நிக்கும்ல, அது மாதிரி." கோத்த எழுத்தெல்லாம் நகராதபடி சட்டத்தில் இறுக்குவதைச் சொல்கிறார். இந்தத் தொழில்நுட்பம் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து வந்து 1997-இல் இ-இங்க் என்று தனி நிறுவனமானது, 2004-இல் சோனியும் 2007-இல் அமேசானும் இதை வைத்து இ-ரீடர் கொண்டுவந்தன என்றெல்லாம் சொல்ல வைத்திருந்தேன். அவருடைய ஒரு வரி அதையெல்லாம் தேவையில்லாமல் செய்துவிட்டது.

குறையும் அன்றைக்கே கண்டுபிடித்தார். சில பக்கத்துக்கு ஒருமுறை திரை சட்டென்று கறுத்து மீளும். முதல் தடவை கருவி கெட்டுவிட்டது என்று பதறிப்போய்க் கீழே வைத்துவிட்டார். போன பக்கத்தின் நிழல் லேசாகத் தங்கிவிடும், அதைத் துடைக்கத்தான் இப்படி என்றதும் சமாதானமானார். "நியூஸ்பிரிண்ட்ல மறுபக்கம் ஊறித் தெரியுமே, அதானே. அதுக்கு இது தேவலை."

பிறகு ஏன் இழுப்பறை?

அவர் படிப்பது பெரும்பாலும் பிடிஎஃப். பழைய ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழைய நூல்கள், இன்டர்நெட் ஆர்க்கைவில் யாரோ ஸ்கேன் செய்து ஏற்றியவை, நின்றுபோன பத்திரிகைகளின் இதழ்கள். எல்லாம் பக்கத்தைப் படமெடுத்தவை. படமென்றால் எழுத்தைப் பெரிதாக்கி வரிகளைத் திருப்பி அடுக்கமுடியாது. பக்கம் மொத்தமும் திரைக்குள் சுருங்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு சுருங்கும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வாங்குவதற்கு முன் போட்டிருக்கவேண்டிய கணக்கு. டெம்மி அளவுப் புத்தகத்தின் மூலைக்கு மூலை ஏறக்குறைய 10 அங்குலம். அதை 7 அங்குலத் திரையில் அடைத்தால் 12 பாயிண்ட் எழுத்து 8 பாயிண்ட் சொச்சம் ஆகும். ஏ4 தாளின் மூலைக்கு மூலை 14 அங்குலத்துக்கு மேல். அதே 12 பாயிண்ட் 6 ஆகிவிடும். அப்பாவுக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. பார்த்த உடனே சொன்னார்: "இது ஆறு பாயிண்ட்மா. விசிட்டிங் கார்டுல அடியில போடற சைஸ். இதுல போய் நாவல் படிக்கச் சொல்றியே."

பெரிதாக்கி நகர்த்தலாமே என்று தோன்றும். டேப்லெட்டில் இரண்டு விரலால் செய்கிற வேலை இது. இ-இங்க் திரையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் படம் மறுபடி வரைந்து வரவேண்டும். விரலை இழுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும், பிறகு தாண்டிப் போயிருக்கும், திரும்ப இழுக்கவேண்டும். படுக்கைவாட்டில் திருப்பிப் பக்கத்தை இரண்டாக வெட்டிப் படிப்பது கொஞ்சம் பரவாயில்லை. அதுவும் பத்திரிகைப் பக்கம் என்றால், மூன்று பத்தியில் ஓடும் தொடர்கதைக்கு மேலும் கீழும் அலைந்து அலுத்துவிடும்.

ஆக, பரிசு தேர்வதற்கு முன் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அப்பா கடைசியாகப் படித்த மூன்று விஷயம் எந்த வடிவில் இருந்தது? அவருடைய போனைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். திரை எத்தனை புள்ளி, பேட்டரி எத்தனை வாரம் என்று பதினைந்து ஒப்பீடுகளைப் படித்தவள் அதைப் பார்க்கவில்லை.

தம்பிக்கு ஒரே குஷி. "அப்பவே சொன்னேன்ல."

நான் விடவில்லை. படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும் தமிழ் நூல்களைத் தேட ஆரம்பித்தேன். 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு நாவல்வரை தட்டச்சு செய்யப்பட்டே கிடைக்கிறது, காசில்லாமல். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலையும் இபப், மோபி என்ற மின்னூல் வடிவங்களில் கொடுப்பதோடு, சின்னத் திரைக்காகவே 6 அங்குல அளவில் தனி பிடிஎஃப்பும் போடுகிறார்கள். இந்த அவஸ்தையைப் பட்ட யாரோதான் அதை யோசித்திருக்கவேண்டும். அமேசானின் கிண்டில் மின்னூல் கடையில் 2016 கடைசியிலிருந்து தமிழுக்குத் தனி இடம் உண்டு. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அட்டைப்படம், ஆசிரியர் பெயரெல்லாம் சரிசெய்து ஏற்றலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து நாற்பத்திரண்டு புத்தகம் ஏற்றினேன்.

ஒன்று மட்டும் படுத்தியது. அப்பாவின் அச்சுக்கூடத்து நண்பர் தன் வாழ்க்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அதை மாற்றி ஏற்றினால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக வந்தது. பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தவை. எழுத்துரு கூடவே வராவிட்டால் ஒட்டு விட்டுப்போய் உள்ளே இருக்கும் ஆங்கிலம் பல்லைக் காட்டும். யூனிகோடுக்கு மாற்றித்தரும் மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன, மாற்றினேன். மாற்றியபிறகும் 'கொ' சில இடங்களில் கொம்பு தனி, கால் தனி என்று சிதறி நின்றது. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "கை தவறிக் கீழ போட்ட காலி மாதிரி இருக்கு" என்றார். காலி என்றால், கோத்த வரிகளை அடுக்கிவைக்கும் அச்சுக்கூடத்துத் தட்டு.

எழுத்தாக இருக்கும் புத்தகம் வந்ததும் கருவியே வேறாகிவிட்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வெறும் விளம்பரம் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தமிழில் 'ணை'யின் சுழியும் 'ஞ'வின் வளைவும் அடைபடாமல் நிற்க அந்த நுணுக்கம் வேண்டும். எழுத்தை அவர் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்கினோம். உடனே அடுத்த புகார். "நடுவுல சந்து விழுது பார்." இரண்டு பக்கமும் ஓரம் சமன் செய்யும்போது, 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அது அடுத்த வரிக்குப் போய்விடும், மிச்சமிருக்கும் இரண்டு வார்த்தைகள் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று என்று சண்டைக்காரர்கள் மாதிரி நிற்கும். ஆங்கிலத்துக்கு இது இவ்வளவு உறுத்தாது. அமைப்பில் போய் இடது ஓரம் மட்டும் சமனாக வைத்தேன், சரியாயிற்று. தமிழ் படிப்பவருக்குக் கொடுப்பதானால் இதை நீங்களே செய்துவைத்துக் கொடுங்கள். கூடவே, 6 அங்குலத்தைவிட 7 மேல். பெரிய எழுத்தில் தமிழ் வைத்தால் அந்த ஓர் அங்குலத்துக்கு மதிப்பு தெரியும்.

கனம் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனாலும் சொல்கிறேன். 2024-இல் வந்த 7 அங்குல கிண்டில் பேப்பர்வைட் 211 கிராம். 10.9 அங்குல ஐபேட் 477 கிராம். அப்பா படுத்துக்கொண்டு படிப்பவர். பழைய டேப்லெட் இரண்டு தடவை மூக்கில் விழுந்திருக்கிறது. இது விழுந்தாலும் வலிக்காது, விழுவதும் இல்லை.

பேட்டரி "பன்னிரண்டு வாரம்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். ஒரு நாளைக்கு அரைமணி படித்தால் என்று கீழே பொடியாக இருக்கும் (அதுவும் ஆறு பாயிண்ட்தான்). அப்பா மூன்று மணி நேரம் படிப்பவர்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறார். பத்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும் டேப்லெட்டோடு ஒப்பிட்டால் இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது.

தண்ணீர் புகாது, பதினாறு ஜிபி, இதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஆனால் பக்கம் புரட்டப் பொத்தான் இருந்தால் நன்றாக இருக்கும். வயதானால் விரல்நுனி உலர்ந்துவிடும், தொட்டால் சில சமயம் திரை கண்டுகொள்ளாது. அப்பா இரண்டாவது தடவை அழுத்தித் தொடுவார், இரண்டு பக்கம் போய்விடும், கோபம் வரும். கோபோ லிப்ரா போன்ற சிலவற்றில் ஓரத்தில் பொத்தான் இருக்கிறது. மறுபடி வாங்குவதானால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ராத்திரித் தூக்கம் பற்றி. "இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்" என்று தம்பி ஒரு கட்டுரையின் சுட்டியை அனுப்பினான். தேடிப் படித்தேன். 2014-இல் வந்த அமெரிக்க ஆய்வு அது. பன்னிரண்டு பேரைப் படுக்கப்போகும் முன் நான்கு மணி நேரம் படிக்கவைத்தார்கள், சில நாள் அச்சுப் புத்தகம், சில நாள் ஒளிரும் கருவி. கருவியில் படித்தவர்களுக்குத் தூக்கம் வரப் பத்து நிமிடம்போலக் கூடுதலாகப் பிடித்தது. அந்த "இ-ரீடர்" எது தெரியுமா? முழு வெளிச்சத்தில் வைத்த ஐபேட். சுட்டி அனுப்பியவனுக்கே அதைத் திருப்பி அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

பயனர் கணக்கு விஷயத்தில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கருவி என் பெயரில் வாங்கியதால் என் கணக்கோடு ஒட்டியே வந்திருந்தது. பரிசு என்று குறிப்பிடும் கட்டத்தை நான் தொடவில்லை. அப்பா திறந்ததும் நான் வாங்கிய புத்தகங்கள் அத்தனையும் வரிசையாக நின்றன. அதில் ஒன்று, பிடிவாதம் பிடிக்கும் வயதான பெற்றோரைச் சமாளிப்பது பற்றிய ஆங்கில நூல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் அதில் பன்னிரண்டு சதவீதம் படித்து முடித்திருந்தார்.

மின்னூல் வாங்கித் தருவதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. 2009-இல் உரிமைச் சிக்கல் வந்த சில மின்னூல்களை அமேசான், வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது; பிறகு மன்னிப்பும் கேட்டது. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை யாரும் வந்து எடுத்துப்போக முடியாது. ஆகவே காலிபரில் ஏற்றிய நாற்பத்திரண்டும் என் கணினியில் பிரதியாக இருக்கிறது.

சரி, டேப்லெட்? தம்பியும் சும்மா இருக்கவில்லை. என்மேல் உள்ள கோபத்தில் 11 அங்குலத்தில் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினான். அதை அப்பா தொடுவதற்குள் அம்மா எடுத்துக்கொண்டாள். கண்புரை அறுவை முடிந்தபிறகு அம்மா படிப்பதையே குறைத்திருந்தாள். டேப்லெட்டில் கூகுளின் தமிழ்க் குரல் வாசித்துக் காட்டும். கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், 'ழ' அம்மாவுக்குத் திருப்தியில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறாள். பெரும்பாலான இ-ரீடர்களில் ஒலிபெருக்கியே கிடையாது. தம்பி மகள் வீடியோவில் வந்து தான் வரைந்ததைக் காட்டினால் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள். இ-ரீடர் கொடுத்திருந்தால் அம்மாவுக்கு அது வெறும் சிலேட்டு.

அந்த 11 அங்குலத் திரையில் டெம்மி ஸ்கேன் ஏறக்குறைய அசல் அளவிலேயே தெரிகிறது. பழைய பத்திரிகையின் அட்டை வண்ணத்தோடு வருகிறது. வண்ண இ-இங்க் இப்போது வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கெலிடோ 3 என்ற வண்ண இ-இங்க் திரையில் கறுப்பு எழுத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150 தான். பின்னணியும் கொஞ்சம் மங்கல். 10.2 அங்குல கிண்டில் ஸ்க்ரைப் போலப் பெரிய இ-இங்க் பலகைகளில் ஸ்கேன் நன்றாக வரும். அதன் கனம் 433 கிராம், மறுபடி மூக்குக் கவலை.

இப்போது வீட்டில் நடைமுறை தானாகவே அமைந்துவிட்டது. ஸ்கேன் வந்தால் அப்பா மத்தியானம் அம்மாவின் டேப்லெட்டை இரவல் கேட்பார். "பத்து நிமிஷம்தான்" என்று அம்மா கொடுப்பாள், மேசையில் நிமிர்த்திவைத்துப் படிப்பார். மற்ற நேரமெல்லாம் இ-ரீடர். யாராவது என்னிடம் கேட்டால், ஏற்கெனவே படிக்கிறவருக்கு, அதுவும் எழுத்தாகக் கிடைக்கும் கதை கட்டுரை படிக்கிறவருக்கு, இ-ரீடர் என்பேன். இனிமேல் படிக்கட்டும் என்ற ஆசையில் யாருக்கும் அதை வாங்கித் தராதீர்கள், இழுப்பறைக்குத்தான் போகும். கேட்க, பார்க்க, பேச, ஸ்கேன் புரட்ட என்றால் டேப்லெட். எதைக் கொடுத்தாலும் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கொடுங்கள். காலியாகக் கொடுத்த கருவியை நிரப்ப வயதானவருக்குப் பொறுமை இருக்காது.

போன வாரம் அப்பா கருவியை என்னிடம் நீட்டினார். ஒரு நாவல் முழுக்க அங்கங்கே கறுப்புக் கோடு. பிடித்த வரிகளைக் குறித்துவைத்திருக்கிறார் போல என்று நினைத்துத் திறந்தேன். 'அருகில்' 'அறுகில்' ஆன இடம், ஒற்று விட்டுப்போன இடம், ஒரு பத்தி இரண்டு தடவை வந்த இடம். மொத்தம் அறுபத்து மூன்று.

"ப்ரூஃப் முடிச்சிட்டேன்மா. யாருக்கு அனுப்பணும்?"